படகை எண்ணினால் போதாது: ராமநாதபுரம் கடலோரத்தில் களப்பணிக்குப் போகிறவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இது: முதுகலை ஆய்வுக்காக ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் எட்டு மாதம் களப்பணி. தலைப்பு, கடலோர நிர்வாகமும் மக்கள் கடலை நம்பி வாழும் விதமும். எந்தச் சட்டங்களைப் படிக்க வேண்டும், எத்தனை வீடுகளை எடுப்பது, யாரிடம் அனுமதி வாங்குவது, எங்கே தவறு நேரும்?

முதலில் தலைப்பைக் குறையுங்கள். எட்டு மாதத்தில் ஒரு மாவட்டத்தின் "கடலோர நிர்வாகத்தை" யாராலும் ஆராய முடியாது. ஒரு வளம், இரண்டு அல்லது மூன்று ஊர், அந்த வளத்தைத் தொடும் எல்லா விதிகளும் என்று வைத்துக்கொண்டால் முடியும். வளம் என்றால் நண்டு, கடல்பாசி, ஓரா, கணவாய், சங்கு, எதுவாகவும் இருக்கலாம்.

ஊரையோ படகையோ அலகாக எடுக்காமல் வளத்தை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கரையில் கிடைக்கும் அரசுப் பதிவுகளில் பெரும்பாலானவை படகைச் சுற்றி எழுதப்பட்டவை. படகுப் பதிவு, டீசல் மானியம், விசைப்படகு கடலுக்குப் போகும்போது தரும் டோக்கன், இறங்குதளத்தில் எடுக்கும் மீன்பிடிக் கணக்கு, எல்லாவற்றிலும் படகு வேண்டும். படகில்லாதவர்கள் இவற்றில் வரமாட்டார்கள். ஒரு நண்டையே எடுங்கள். வலை வைப்பவர் ஒருவர். கரைக்கு வந்த வலையிலிருந்து கால் ஒடியாமல் நண்டைப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் அல்லது கூலிக்கு வரும் பெண்கள். அறுந்த கண்ணிகளைச் சரிசெய்பவர் வேறு. கம்பெனிக்கு எடுக்கும் ஏஜெண்டு வேறு. அவித்த நண்டிலிருந்து சதை எடுக்கும் பெண்கள் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர்கள். படகுக் கணக்கில் இதில் ஒரே ஒருவர்தான் "மீனவர்". நண்டு குறைந்தால் வருமானம் போவது எல்லோருக்கும். ஒரு வளத்தைப் பிடித்துக்கொண்டு அதைத் தொடும் கைகளை வரிசையாக எழுதினால், நிர்வாகம் யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்ப்பதில்லை என்பது முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் ஆய்வுக்கேள்வியும் அதிலிருந்துதான் வரும்.

அடுத்து இடம். இந்த மாவட்டத்தில் மக்கள் இரண்டு கடல் என்றுதான் பேசுவார்கள். பாக் நீரிணைப் பக்கம் வடகடல், மன்னார் வளைகுடாப் பக்கம் தென்கடல். வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி முதல் ஆவணி வரை தென்கடல் முரட்டுத்தனமாக இருக்கும். பாம்பன், மண்டபம் போன்ற ஊர்களில் ஒரே குடும்பம் காற்றுக்கு ஏற்ப இரண்டு கடலிலும் தொழில் செய்யும். இரண்டு பக்கத்திலும் சட்டம் வேறு. ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் பாதி வருடத்துக் கதைதான் கையில் இருக்கும். எட்டு மாதம் என்றால் ஆகஸ்டில் தொடங்கி மார்ச் வரை வைப்பது நல்லது. இரண்டு காற்றும் உள்ளே வந்துவிடும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரையுள்ள மீன்பிடித் தடைக்காலம் வெளியே போகும், அதை நேர்காணலில் கேட்டு ஈடுகட்டலாம். ஜூன் நடுவில் தொடங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. தடை முடிந்த முதல் வாரங்களில் பிடிப்பு மிக அதிகமாக இருக்கும். அதை வைத்துச் சராசரி போட்டால் முழு ஆண்டுக் கணக்கும் ஏறிப்போகும்.

இனி விதிகள். முதலில் அதிகார எல்லையைப் பிரித்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மீன்வளம் மாநிலப் பட்டியலில் 21-ஆம் இனம். கடற்கரையிலிருந்து 12 கடல் மைல் வரையுள்ள கடலில் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்துவது மாநிலம். அதற்கு அப்பால் ஒன்றியப் பட்டியலின் 57-ஆம் இனம். ஆனால் இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்களின் எல்லைக்கோடு பாக் நீரிணையில் கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. அதனால் ராமேஸ்வரத்தில் 12 கடல் மைல் ஆட்சிக்கடல், 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் என்ற பாடப்புத்தக வரைபடம் பொருந்தாது. கரையோரப் பட்டையை நாட்டுப்படகுகளுக்கு ஒதுக்கிய பிறகு, எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் விசைப்படகுக்கு மிஞ்சுவது ஒரு குறுகிய நீர்ப்பரப்புதான். அந்த ஊரின் பாதிப் பிரச்சினை இந்த வடிவியலிலிருந்து வருகிறது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டுடையது. கரையோரம் 3 கடல் மைல், அதாவது சுமார் 5.5 கிலோமீட்டர், பாரம்பரியப் படகுகளுக்கு என்று ஒதுக்கியது இந்தச் சட்டத்தின் மையம். விதிகள் பிற்காலத்தில் திருத்தப்பட்டுள்ளன. இணையத்தில் கிடைக்கும் பழைய நகலை நம்பி எழுதாதீர்கள், நடப்பு விதித்தொகுப்பை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017-க்கு முன் அது 45 நாள். பழைய ஆய்வுகளோடு ஒப்பிடும்போது இந்த 16 நாள் வித்தியாசத்தை மறந்துவிடுகிறார்கள்.

வடகடலில் இன்னொரு ஏற்பாடு உண்டு. விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள் (ராமேஸ்வரம், மண்டபம் பகுதியில் திங்கள், புதன், சனி), நாட்டுப்படகுக்கு நாலு நாள். இது உங்கள் கணக்கெடுப்பை நேரடியாகத் தாக்கும். விசைப்படகு ஓடும் நாளில் வலை அறுந்துவிடும் என்று நாட்டுப்படகுக்காரர் பலர் வலையே வைக்கமாட்டார். நீங்கள் கல்லூரி வசதிப்படி ஒவ்வொரு புதனும் போய்க் கணக்கெடுத்தால் நாட்டுப்படகின் பிடிப்பு பாதாளத்தில் இருப்பதாகத் தெரியும். செவ்வாய் மட்டும் போனால் தலைகீழ். வாரத்தின் ஏழு நாளும் சம அளவில் வருமாறு தேதிகளை முன்கூட்டியே குலுக்கல் முறையில் தேர்ந்துகொள்ளுங்கள்.

கரைக்குரிய சட்டம் வேறு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 1991-இல் வந்தது. 2011-இலும், கடைசியாக 2019 ஜனவரி 18-இலும் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை அதன் ஆளுகை. 2019-இல் ஊரகப் பகுதியை இரண்டாகப் பிரித்தார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் இருந்தால் கட்டுமானம் கூடாத பகுதி 50 மீட்டர், அதற்குக் கீழே என்றால் 200 மீட்டர். மீன்பிடிப்பை இந்த அறிவிக்கை ஒழுங்குபடுத்துவதில்லை, கரை நிலத்திலும் கடலோர நீர்ப்பரப்பிலும் நடக்கும் கட்டுமானம் போன்ற வேலைகளைத்தான். இரண்டையும் குழப்பி எழுதிய ஆய்வேடுகள் ஏராளம்.

இந்த அறிவிக்கையில் ஆய்வாளருக்குப் பயன்படும் இடம் வரைபடம். கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் பொதுவாக 1:25,000 அளவிலானவை. அதில் ஒரு குப்பம் ஒரு விரல்நக அகலத்துக்குக்கூட வராது. மீனவ ஊர்களையும் அவர்களின் பொது இடங்களையும் சர்வே எண் தெரியும் பெரிய அளவு வரைபடத்தில் காட்ட வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. உங்கள் ஊர்களுக்கான தாளை ஏ3 அளவில் அச்செடுத்து, ஊர்க்காரர் நாலைந்து பேரோடு, பாதிப்பேர் பெண்களாக இருக்கட்டும், கரையில் நடந்து பாருங்கள். படகு ஏற்றும் இடம், வலை காயப்போடும் இடம், கருவாடு காயும் மணல், ஏலம் போடும் இடம், கரைவலை இழுக்கும் பாடு (அதற்கென்று உள்ள கரைப்பகுதி), மயானம், கோயில் அல்லது சர்ச் அல்லது தர்கா, கடலுக்கு இறங்கும் பாதை, ஒவ்வொன்றையும் குறித்து, அரசு வரைபடத்தில் இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். இரண்டு நாள் வேலை. ஆய்வேட்டின் மிக வலுவான அத்தியாயம் பல சமயம் இதிலிருந்துதான் கிடைக்கும்.

மூன்றாவது வனத்துறை. தென்கடலில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் கொண்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 560 சதுர கிலோமீட்டர். அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1989-இல் வந்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர். செய்தித்தாளில் இரண்டையும் ஒன்றாக எழுதுவார்கள். நீங்கள் எழுதக்கூடாது. பூங்காவுக்குள் மீன்பிடிப்பது வேறு சட்டம், காப்பகத்துக்குள் மீன்பிடிப்பது வேறு.

பூங்காவின் எல்லை எப்படி வரையப்பட்டிருக்கிறது தெரியுமா? ஆழத்தால். தீவுகளின் கரைப்பக்கம் மூன்றரைப் பாகம் (ஃபாதம் என்ற ஆழ அளவு), வெளிக்கடல் பக்கம் ஐந்து பாகம். மீட்டரில் சொன்னால் சுமார் 6.4, 9.1. பாகம் மீனவருக்குப் பழகிய அளவுதான். ஆனால் ஆழத்தால் வரைந்த கோடு கடலின் மேற்பரப்பில் யார் கண்ணுக்கும் தெரியாது, மணல் நகரும்போது கோடும் நகரும். ஒரு வள்ளம் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்ற தகராறில் காவலரும் மீனவரும் ஆளுக்கொரு இடத்தைக் காட்டுவது இதனால்தான். நேர்காணலில் "பூங்கா எல்லை எங்கே?" என்று கேட்காமல், "எந்தத் தீவுக்கிட்ட எவ்வளவு தண்ணியில வலை வச்சா கேப்பாங்க?" என்று கேளுங்கள். நடைமுறையில் இருக்கும் எல்லை அப்போதுதான் வெளிவரும். அதைச் சட்ட எல்லையோடு ஒரே தாளில் போட்டுப் பாருங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் சில பிரிவுகளைக் கட்டாயம் படித்திருக்க வேண்டும். தேசியப் பூங்கா 35-ஆம் பிரிவு. அதில் 35(1) அரசின் நோக்கத்தை அறிவிப்பது. உரிமைகளை விசாரித்துத் தீர்த்த பிறகு வருவது 35(4). கையில் இருக்கும் அரசாணை இவற்றில் எது என்று பாருங்கள், மக்களின் உரிமை பற்றிய வாதம் முழுக்க அதில்தான் தொங்குகிறது. கடல்நீரைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவர்களின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பிறகே எல்லையைத் தீர்மானிக்க வேண்டும் என்று 26ஏ பிரிவு சொல்கிறது. இதற்கு நேர் எதிராக வடகடலில் 2022 செப்டம்பரில் அறிவித்த கடல்பசுப் பாதுகாப்பகம், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர், 36ஏ பிரிவின் கீழ் வருகிறது. அந்தப் பிரிவில் உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிப்பது முன்நிபந்தனை, அடுத்த 36பி பிரிவின்படி நிர்வாகக் குழுவில் ஊராட்சிகளுக்கு இடம் உண்டு. ஒரே துறை, ஒரே சட்டம், இரண்டு விதமான உறவு. ஒப்பாய்வு செய்ய விரும்புபவருக்கு இதைவிட நல்ல இணை கிடைக்காது.

எழுதாத விதிகளை விட்டுவிடாதீர்கள். எந்த வலையைத் தடுப்பது, எந்த நாளில் கடலுக்குப் போகக்கூடாது, கரைவலைப் பாட்டை யார் எந்த முறையில் எடுப்பது என்பதை ஊர்க் கமிட்டியோ ஜமாத்தோ சர்ச்சின் பங்குப்பேரவையோ சங்கமோ தீர்மானிக்கும். ஒவ்வொரு விதிக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: யார் வைத்தது, யார் கண்காணிப்பது, மீறினால் என்ன, அபராதம் எவ்வளவு, கடைசியாக எப்போது அபராதம் போட்டார்கள். ஐந்தாவதுதான் முக்கியம். கடைசியாக அபராதம் போட்டது பத்து வருடத்துக்கு முன் என்றால் அந்த விதி பேச்சில் மட்டும்தான் இருக்கிறது.

கடல்பாசியில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். சின்னப்பாலம் முதல் ஏர்வாடி, முந்தல் வரை பாசி எடுக்கும் பெண்கள் தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீரில் முங்கி எடுப்பவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொள்வார்கள், கண்ணாடி போட்டிருப்பார்கள், காலில் செருப்போ தகடோ, இடுப்பில் பை. ஜெல்லி செய்யும் அகர் எடுக்க மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி. ஆல்ஜினேட் எடுக்கக் கட்டக்கோரை, பக்கோடா. விலை ஒவ்வொன்றுக்கும் வேறு, பருவமும் வேறு. தீவைச் சுற்றிய நீர் பூங்காவானதும் பல தலைமுறைத் தொழில் ஒரே அரசாணையில் அத்துமீறலாகிவிட்டது. பெண்கள் தாங்களே கட்டுப்பாடு வைத்தார்கள்: அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டும். இரும்புச் சுரண்டி கூடாது, கையால் மட்டும். மீன்பிடித் தடைக்காலத்திலும் ஒரு இடைவெளி. இது எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லை. பூங்கா நிர்வாகத் திட்டத்தில் இவர்கள் எப்படிக் குறிப்பிடப்படுகிறார்கள் என்று தேடினால் "அச்சுறுத்தல்" என்ற தலைப்பின் கீழ் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மாற்றுத் தொழில் என்று கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி வளர்ப்பையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். மூங்கில் தெப்பத்தில் கட்டி 45 நாளில் அறுவடை செய்யும் வெளிநாட்டுப் பாசி இது. குருசடைத் தீவின் பவளங்கள் மீது அது படர்ந்திருப்பது 2008-இல் ஆய்விதழில் வந்தது. வளர்ப்பவர்களுக்கு வருமானம் உண்மை, பவளத்துக்குச் சேதமும் உண்மை. ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது ஆய்வாகாது.

இனி வீட்டுக் கணக்கெடுப்பு. முதல் மாதம் கேள்வித்தாளே வேண்டாம். நடங்கள், பட்டியல் போடுங்கள், தமிழ் மாத வரிசையில் ஒரு தொழில் நாட்காட்டி வரையுங்கள்: எந்த மாதம் எந்தக் காற்று, எந்தக் கடல், எந்த வலை, எந்த மீன், யார் வேலை. ஆண்கள் குழுவும் பெண்கள் குழுவும் தனித்தனியாகப் போட்ட நாட்காட்டிகள் ஒத்துவராது. அந்த முரண்பாடே தரவு.

வீட்டுப்பட்டியலுக்கு மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் பட்டியலை எடுக்காதீர்கள். தடைக்கால நிவாரணம் அதை ஒட்டி வருவதால் கரையில் இல்லாதவர் பெயரும் இருக்கும், தொழில் செய்யும் பலர் பெயர் இருக்காது. அங்கன்வாடிப் பணியாளரின் குடும்பப் பதிவேடு இதைவிட நம்பகமானது. எல்லா வீட்டையும் அவர் நடந்து எழுதியிருப்பார். அதை வைத்து ஒவ்வொரு வீட்டுக்கும் முதன்மைத் தொழிலைக் குறித்து அடுக்குகளாகப் பிரியுங்கள்: விசைப்படகு உரிமையாளர், விசைப்படகுக் கூலி, நாட்டுப்படகு, பாசி, வியாபாரம், சதையெடுப்பு போன்ற கூலி. 240 வீடுள்ள ஊரில் பத்து விழுக்காட்டுப் பிழைக்கு 240 ÷ (1 + 240 × 0.01) என்ற கணக்குப்படி 71 வீடு (0.01 என்பது பிழை அளவான 0.1-இன் வர்க்கம்). ஆனால் இது மொத்த ஊருக்கான எண். அடுக்குகளை ஒப்பிட வேண்டுமானால் ஒவ்வொன்றிலும் குறைந்தது பதினைந்து வீடாவது வேண்டும். சிறிய அடுக்கில் எல்லா வீட்டையும் எடுத்துவிடுங்கள், பின்னர் சராசரி போடும்போது ஒவ்வொரு அடுக்கும் ஊரில் எவ்வளவு பங்கோ அந்த அளவுக்கு அதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

வருமானக் கேள்வியில்தான் பெரும்பாலான ஆய்வுகள் சறுக்குகின்றன. "மாசம் எவ்வளவு வரும்?" என்றால் பதில் வரும், ஆனால் அது எதன் பதில் என்று தெரியாது. ஒரு கற்பனைக் கணக்கு பாருங்கள். நாட்டுப்படகு ஒன்று 6,000 ரூபாய்க்கு விற்றது. ஏலக் கமிஷன் 5 விழுக்காடு, 300. டீசல், ஐஸ், சாப்பாடு 1,500. மிச்சம் 4,200. ஆறு பங்கு: ஆள் மூன்று, படகுக்கு ஒன்று, இஞ்சினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. பங்குக்கு 700. படகு, இஞ்சின், வலை மூன்றும் தன்னுடையதாக இருந்து தானும் கடலுக்குப் போனவருக்கு 2,800. கூட வந்தவருக்கு 700. அதே நாளைப் பற்றி ஒருவர் 6,000 என்பார், இன்னொருவர் 4,200 என்பார், மூன்றாமவர் 700 என்பார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆகவே கடைசியாகக் கடலுக்குப் போன நாள் எது, விற்றது எவ்வளவு, கழிவு என்னென்ன, எத்தனை பங்கு, உங்கள் கைக்கு எவ்வளவு என்று படிப்படியாகக் கேளுங்கள். பங்கு முறை ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். முதலில் நாலைந்து படகுகளில் அதை உறுதிசெய்துகொண்டு கேள்வித்தாளை அச்சடியுங்கள்.

முன்பணம் பற்றிக் கேட்காமல் வராதீர்கள். வலை வாங்கவோ இஞ்சின் பழுதுபார்க்கவோ வியாபாரி கொடுத்த முன்பணத்துக்கு வட்டி என்று எதுவும் இருக்காது. பிடிப்பை அவருக்கே கொடுக்க வேண்டும், விலையில் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும். அந்தக் குறைவுதான் வட்டி. அதே தரத்து நண்டுக்கு அதே நாளில் முன்பணம் வாங்காதவர் என்ன விலை பெற்றார் என்று கேட்டால் தொகை வெளியே வரும். கடலைவிட வியாபாரியை நம்பியிருப்பது எத்தனை வீடு என்பதை இந்த ஒரு கேள்வி காட்டிவிடும்.

பாசியில் இன்னொரு சிக்கல், எடை. ஈரத்தில் சொல்கிறார்களா, காய்ந்த எடையா? உப்பும் மணலும் ஒட்டியிருப்பதற்காக வியாபாரி கழிக்கும் எடை எவ்வளவு? ஒவ்வொரு வகையிலும் ஒரு கிலோ ஈரப்பாசியைக் கரையிலேயே எடைபோட்டு, அவர்கள் காயவைக்கும் விதத்திலேயே காயவைத்து, திரும்ப எடைபோடுங்கள். மூன்று முறை செய்தால் மாற்றுவிகிதம் கிடைக்கும். புத்தகத்திலிருந்து விகிதம் எடுக்காதீர்கள்.

விற்றதை மட்டும் எழுதினால் உணவுக்கான சார்பு விடுபடும். கறிக்கு எடுத்துவந்தது எத்தனை கிலோ, உறவுக்குக் கொடுத்தது எவ்வளவு, கடந்த ஏழு நாளில் எத்தனை நாள் மீன் சமைத்தீர்கள், அதில் வாங்கியது எத்தனை நாள்? ஏழு நாளுக்கு மேல் நினைவு நம்பகமில்லை. "முன்ன எல்லாம் ஏகப்பட்ட மீனு" என்ற பதிலை நிகழ்ச்சியோடு கட்டுங்கள். 1964 டிசம்பர் புயல், 1983-இல் இலங்கையில் போர் மூண்ட ஆண்டு, 2004 சுனாமி, அந்தப் போர் முடிந்த 2009, 2018 நவம்பர் கஜா புயல். "சுனாமிக்கு முந்தின வருசம் எந்த வலை வச்சிருந்தீங்க?" என்று கேட்டால் பதில் துல்லியமாக வரும்.

மீன் பெயர்களில் கவனம். தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் சென்னைக்காரர் சொல்லும் வஞ்சிரம். சென்னையில் சீலா என்றால் தூத்துக்குடிக்காரரின் ஊளி. ஒவ்வொரு ஊரிலும் படம் எடுத்து, உள்ளூர்ப் பெயரோடு ஒரு தொகுப்பு செய்துகொண்ட பிறகே கணக்கைத் தொடங்குங்கள்.

மாவட்ட அளவிலான பிடிப்புக்கு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடுகளைப் பயன்படுத்தலாம். 1947-இல் தொடங்கிய அந்த நிறுவனம் தொடக்க காலத்தில் மண்டபம் முகாமில்தான் இயங்கியது, தலைமையகம் இப்போது கொச்சியில். அவர்கள் எல்லாப் படகையும் எண்ணுவதில்லை. பல கட்ட மாதிரி முறை. ஓர் இறங்குதளத்தில் 15 படகு வரை வந்தால் எல்லாவற்றையும், அதற்கு மேல் வந்தால் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரு பகுதியையும் பார்ப்பார்கள். பெரிய பரப்புக்கு இது நல்ல முறை. ஒரு குப்பத்தின் நிலையைச் சொல்ல அது செய்யப்படவில்லை, ஆகவே மாவட்ட எண்ணை ஊர் எண்ணிக்கையால் வகுத்து "ஊர்ச் சராசரி" போடாதீர்கள்.

கடலின் நிலையை அளப்பது பற்றிச் சுருக்கமாக. சமூக அறிவியல் மாணவர் பவளத்தை அளக்க நினைக்க வேண்டாம், தூத்துக்குடி, மண்டப நிறுவனங்களின் வெளியீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1998, 2010, 2016 ஆண்டுகளின் பவள வெளுப்பு நன்றாகப் பதிவாகியிருக்கிறது. கடல்தாழை, அதாவது கடலடியில் வளரும் புல், வேண்டுமானால் அளக்கலாம். 50 மீட்டர் நாடா மூன்று, 25 மீட்டர் இடைவெளியில் இணையாக. ஒவ்வொன்றிலும் 5 மீட்டருக்கு ஒரு முறை அரை மீட்டர் சதுரச் சட்டம். நாடாவுக்கு 11, மொத்தம் 33 சட்டம். ஒவ்வொன்றிலும் எத்தனை விழுக்காடு புல் மூடியிருக்கிறது, எந்த வகை, என்ன ஆழம். பாக் நீரிணையில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. புல் வெளியே தெரியும் என்று காத்திருக்க முடியாது, முகமூடி போட்டு நீந்தத்தான் வேண்டும். உள்ளூர் ஆள் ஒருவர் இல்லாமல் இறங்காதீர்கள்.

அனுமதி. கரையில் மக்களோடு பேச அரசு அனுமதி தேவையில்லை. ஊர்த் தலைவரிடமும் பெண்கள் சங்கத்திடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். தலைவர் சம்மதித்தார் என்பது பெண்கள் சம்மதித்ததாக ஆகாது. பூங்காவுக்குள் இறங்கவோ மாதிரி எடுக்கவோ வேண்டுமானால் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் அனுமதி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின் கீழ். மாதக்கணக்கில் ஆகலாம், களப்பணிக்கு முன்பே விண்ணப்பம் போய்விட வேண்டும். படகில் போவதானால் ஆதார் அட்டையும் கல்லூரிக் கடிதமும் கையில் இருக்கட்டும், இது எல்லைப்பகுதி. கேட்கும் ஆட்கள் கடலோரக் காவல்படை, கடலோரப் பாதுகாப்புக் குழுமம், வனத்துறை என்று பலர்.

மிகக் கவனமாக இருக்க வேண்டியது, சட்டப்படி குற்றமாகும் செயல்கள் பற்றிய தரவு. கடல் அட்டை அதே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. கடல் எல்லை தாண்டும் விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். ஆய்வாளரின் குறிப்பேட்டுக்குச் சட்டத்தில் தனிப் பாதுகாப்பு எதுவும் கிடையாது, கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே "நீங்கள் பிடிப்பதுண்டா?" என்று கேட்கவே கூடாது. தடை வந்த பிறகு ஊரில் எந்தத் தொழில் நின்றது, அதில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். பெயர், படகு எண், கைபேசி எண் எதுவும் குறிப்பேட்டில் வேண்டாம், எண்குறியீடு போதும். திறவுகோல் பட்டியல் வேறு இடத்தில் இருக்கட்டும். மீன்பிடி இடங்களின் ஜிபிஎஸ் புள்ளிகளை இரண்டு தசம இடத்துக்குச் சுருக்குங்கள், ஒரு கிலோமீட்டருக்கு மேல் மங்கலாகிவிடும். பார், அதாவது மீன் கூடும் கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும் இடங்கள் அவர்களின் சொத்து. அடுத்த ஊர்க்காரருக்கும் திட்டம் போடுபவருக்கும் அதை எடுத்துக்கொடுக்கும் வேலை உங்களுடையதல்ல.

நேரம் பார்த்துப் போங்கள். ஏலம் நடக்கும்போது யாரையும் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். பாசிப் பெண்கள் கிடைப்பது கடலுக்குப் போகாத நாட்களில், அதாவது அட்டமி, நவமியை ஒட்டி. நிவாரணப் பட்டியல் எடுக்க வந்தவர் என்று நினைத்துப் பேசும் வீட்டில் எல்லா எண்ணும் சாய்ந்திருக்கும். முதல் வாக்கியத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள், இதனால் உதவித்தொகை எதுவும் வராது என்று. சிலர் எழுந்து போவார்கள். போகட்டும்.

ஆவணங்களுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "கடலோர நிர்வாகம் பற்றிய விவரம் தருக" என்று கேட்டால் ஒன்றும் வராது. ஆவணத்தைக் கேளுங்கள்: குறிப்பிட்ட நிதியாண்டில் மாதவாரியாக வழங்கிய டோக்கன் எண்ணிக்கை, ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிந்த வழக்குகள், விதித்த அபராதம், வசூலான அபராதம், பூங்காவின் நடப்பு மேலாண்மைத் திட்டத்தின் நகல், மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தின் கூட்டக் குறிப்புகள். விதித்த அபராதத்துக்கும் வசூலானதற்கும் உள்ள இடைவெளியைத் தனியாகக் கேட்பது அவசியம். இரண்டாவது மாதமே மனுக்களை அனுப்பிவிடுங்கள், மேல்முறையீட்டுக்கு நேரம் வேண்டும்.

ஏழாவது மாதம் வரைவு முடிவுகளைத் தமிழில் நாலு பக்கமாக எழுதி ஊருக்குக் கொண்டுபோங்கள். பங்குக் கணக்கு, நாட்காட்டி, பொது இட வரைபடம், விதிகளின் பட்டியல், இந்த நாலும் போதும். வாசித்துக் காட்டுங்கள், திருத்துவார்கள். வரைபடத்தின் எந்தப் பகுதி அச்சில் வரலாம், எது வரக்கூடாது என்பதை அந்தக் கூட்டத்திலேயே கேட்டு முடிவெடுங்கள். பொது இட வரைபடத்தின் ஒரு பிரதி ஊர்க் கமிட்டியிடமும் ஒரு பிரதி பெண்கள் சங்கத்திடமும் இருக்கட்டும். அரசின் வரைபடம் அடுத்த முறை கருத்துக் கேட்புக்கு வரும்போது ஆட்சேபம் எழுத அவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.